வடம் கட்டி இழுத்த கார்

யாரிடமும் உதவி கேட்காமல் வளர்ந்தவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான். ஒரே ஒரு முறை அக்கம்பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் கேட்டேன். கேட்டது ஒரு வாளி தண்ணீர், வேறொன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் செய்த உதவியை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குத் தலை சூடாகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நான் படித்தது ரெண்டாம் வகுப்பு. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஆகக் கீழே இருந்த பணிய லயத்தில் பிறந்தேன். பதுளைச் சந்தையில் கோவா, கிழங்கு என்று காய்கறி மூட்டை தூக்கித்தான் ஆரம்பம். பிறகு கைவண்டி. பிறகு வெலிமடைக்கு நானே பஸ் ஏறிப் போய், காய்கறி போடுகிறவர்களிடம் நேராகப் பேசி லீக்ஸும் கேரட்டும் எடுத்தேன். இடையில் நின்று தின்றுகொண்டிருந்த தரகர்கள் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு லொறியில் பாதிப் பங்கு. தோட்டத்து எல்லைக்கு அப்பால் சிங்கள நாட்டுக்காரர் ஒருவரிடம் காணித் துண்டு வாங்கி, மலை உச்சியில் தகரம் போட்ட வீடும் முன்பக்கம் ஒரு கடையும் கட்டினேன். எங்கள் லயத்து ஆட்களில் சொந்தக் கூரைக்குக் கீழே முதலில் படுத்தவன் நான்தான். ஐம்பதுகளின் நடுவில் காரும் வாங்கினேன். சீமைக்குப் பயணம் போன ஒரு துரை விட்டுப் போன வண்டி. கறுப்பு நிறம், நாலு கதவு, உள்ளே தோல் ஸீட். ஓட்ட யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. லொறியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையையும் காலையும் பார்த்தே பழகிக்கொண்டேன்.

அந்தக் காரைப் பகட்டுக்கு வாங்கினேன் என்று பேசியவர்கள் உண்டு. என் தங்கச்சிக்காக வாங்கினேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளை வளர்த்தது நான். அவள் முதுகில் கொழுந்துக் கூடை ஏறக் கூடாது என்று அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிக்க வைத்தேன், தையல் பழக விட்டேன். குணத்திலும் லட்சணத்திலும் குறை சொல்ல முடியாத பெண். இருந்தும் சம்பந்தம் அமையவில்லை. காரணம் மலை. பெரிய ரோட்டிலிருந்து என் வீட்டுக்குத் தோட்டத்துப் பாதையில் ரெண்டு மைல் ஏற்றம். பண்டாரவளையிலிருந்து பெண் பார்க்க ஒரு வீட்டார் மழை நாளில் நடந்து ஏறி வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சேலையெல்லாம் சேறாக, அட்டை கடித்து ரத்தம் வடிகிற காலோடு வந்து உட்கார்ந்தாள். என் தங்கச்சி காப்பித் தட்டோடு எதிரில் நிற்கிறாள். அந்த அம்மா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொண்ணைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா இந்த மலையில சம்பந்தம் பண்ணிட்டு வருசத்துக்கு எத்தனை வாட்டி நாங்க ஏறுறது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்து வந்தவர்கள் பாதி ஏற்றத்திலேயே திரும்பிவிட்டார்கள். காய்ச்சி வைத்த பாலைத் தங்கச்சி அன்றைக்குப் பூனைக்கு ஊற்றினாள். அதற்கடுத்த மாதம் கார் வாங்கினேன்.

மூன்றாவதாக அமைந்த இடம் பதுளை டவுனிலேயே. பையன் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் வேலை, நல்ல பெயர் எடுத்தவன். அவன் அப்பா சந்தையில் தராசு பிடிக்கிறவர், எனக்கு நெடுநாள் பழக்கம். அவர் பேச மாட்டார். அந்த வீட்டில் பேச்சு முழுவதும் பையனுடைய அம்மா கையில் இருந்தது.

"மலை மேல வீடாமே" என்றாள் அந்த அம்மா, நான் பேசப் போன அன்றைக்கு.

"நீங்க ஒரு அடி நடக்க வேணாம்மா. உங்க வாசல்ல ஏறி எங்க வாசல்ல எறங்குங்க. காரு இருக்கு" என்றேன்.

"அப்ப சரி. ஞாயித்துக்கெழமை வர்றோம். நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முந்தி ஒங்க வீட்டு வாசப்படியை நான் மிதிச்சிருக்கணும். ராகுகாலத்துல பொண்ணு வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

மதியமே பதுளைக்குப் போய் அவர்கள் வாசலில் காரை நிறுத்திவிட்டேன். நான் நேரத்துக்குப் போனேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா கோயிலுக்குப் போய்விட்டுத்தான் புறப்பட வேண்டும் என்றாள். கோயிலிலிருந்து வரும்போது அவளுடைய அக்காவும் தங்கையும் கூட வந்தார்கள். மூன்று பேரும் ஒரே அச்சில் வார்த்தது போல நல்ல கனம். பின் ஸீட்டில் அவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்தபோது வண்டி ஒருமுறை மூச்சு விட்டுத் தாழ்ந்தது. முன்னால் நானும் பையனின் அப்பாவும், எங்களுக்கு நடுவில் கியரை மடியில் வைத்துக்கொண்டு பையனும்.

ஹாலிஎலை தாண்டி, தெமோதரை தாண்டித் தோட்டத்துப் பாதையில் திரும்பும் வரைக்கும் வண்டி பூப்போல வந்தது. ஏற்றம் தொடங்கியதும் பானெட்டுக்கு முன்னால் வெள்ளையாக ஆவி கிளம்பியது. பணிய லயத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நின்றுபோனது என்று சொல்கிறார்கள். நான்தான் நிறுத்தினேன். ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்துவிட்டது, வேறு ஒரு கோளாறும் இல்லை. மலையில் துரைமார் காரும் கொதிக்கும். கொஞ்ச நேரம் ஆற விட்டுத் தண்ணீர் ஊற்றினால் போதும், ராகுகாலத்துக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். ஆற விட்டால்தானே.

"என்னப்பா, நின்னுருச்சு?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"வண்டிக்கு மூச்சு வாங்குதும்மா. செத்த நேரம்."

"எங்களை எறங்கச் சொல்லிறாத. பொண்ணு பாக்கப் பொறப்பட்டவ நடுவழியில காலை ஊனினா, அந்தக் காலு வீட்டைப் பாக்கத்தான் திரும்பும். எங்க வழக்கம் அது."

மூன்று பேரும் காலைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு இல்லை, வேலை இல்லை, லயமே வெளியில்தான் இருந்தது. ஆண்கள் முதலில் வந்தார்கள். எல்லாரும் என்னோடு கோலி விளையாடியவர்கள்.

"என்னா மச்சான், காருக்குப் பசியா?"

"டயரு சூடாயிருக்கும். டயரைத் தொட்டுப் பாருங்க."

"டயரா? வெலிமடை லொறி இப்படி நின்னப்ப அச்சுதான் போயிருந்துச்சு."

ஒருவன் என்னைக் கேட்காமலே வண்டிக்கு அடியில் புகுந்து படுத்துவிட்டான். இன்னொருவன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வெந்நீர்ப் பானையைப் பார்ப்பது போல உள்ளே எட்டிப் பார்த்தான். ஒருத்தரும் என்னிடம், "உனக்குத் தெரியுமா?" என்று கேட்கவில்லை. கார் என்னுடையது, ஓட்டுகிறவன் நான். நான் சொன்னது ஒன்றுதான்: "ஒரு வாளி தண்ணி கொண்டாங்க."

பணிய லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பராக்காரி ஒரு அக்கா. நடுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே என்னைத் திட்டி வளர்த்தவள். அவள் காருக்குள் குனிந்து பார்த்தாள். மூன்று பட்டுச் சேலை, மடியில் பூ, தட்டில் வெற்றிலை. நேராக உள்ளே போனாள். வரும்போது குடம், குடத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீர், அதில் வேப்பிலை. எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தேர் இழுக்கும்போது, லயத்துக்கு முன்னால் தேர் நின்றதும் பெண்கள் சக்கரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த நினைப்பில் வந்திருக்கிறாள். நான் வண்டியின் அந்தப் பக்கத்திலிருந்து சுற்றி வருவதற்குள், திறந்து கிடந்த எஞ்சின் மேல் குடத்தைக் கவிழ்த்துவிட்டாள். புஸ்ஸென்று கிளம்பிய புகையில் எனக்கு அவள் முகமே தெரியவில்லை.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"கண்ணு பட்டிருக்குடா. கறுப்புக் காரு, ஒசந்த எடத்துச் சம்பந்தம், கண்ணு படாம என்ன செய்யும்?"

"தண்ணியை அதோ அந்த மூடிக்குள்ள ஊத்தணும்க்கா. மேல ஊத்தக் கூடாது."

"மேல ஊத்தினா உள்ளதானே போவும். நீ சும்மா இரு."

அவள் பின்னாலேயே இன்னும் நாலைந்து பெண்கள் குடத்தோடு வரிசையில் வந்துவிட்டார்கள். ஒருத்தியை மறித்தால் அடுத்தவள் ஊற்றுகிறாள். மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மஞ்சத் தண்ணியா? நல்லதுதான். என் பக்கத்துச் சக்கரத்துக்கும் ஊத்துங்க ஆத்தா" என்றாள்.

ஊற்றினார்கள்.

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற கறுப்பு மூடி ஒன்று உண்டு. அதற்குள் ஈரம் போனால் எந்த ராசா வீட்டுக் காரும் கிளம்பாது. என் காரில் ஈரம் மட்டுமா போனது, மஞ்சளும் போனது, வேப்பிலையும் போனது. முன்னால் ஹேண்டிலைப் போட்டுத் தோள் கழலும் வரை சுற்றினேன். ஒரு இருமல்கூட இல்லை.

"தள்ளிப் பாப்போம்" என்றார்கள். மாப்பிள்ளைப் பையன் கதவைத் திறந்தான்.

"நீ எறங்காதடா" என்றாள் அவன் அம்மா.

"பொண்ணு பாக்கப் போறது நீங்கதானேம்மா. நான் சும்மா கூட வந்தவன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை உள்ளே கழற்றிப் போட்டு, கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டான். வெள்ளைச் சட்டை.

தள்ளினார்கள். முந்தின நாள் மழையில் பாதை சறுக்கியது. ரெண்டு அடி ஏறினால் ஒரு அடி இறங்குகிறது. கயிறு வேண்டும் என்று முடிவானது. கயிறு பேக்டரியில் இருக்கிறது, சாவி வைத்திருக்கிறவர் பதுளைக்குப் படம் பார்க்கப் போயிருக்கிறார். அப்போதுதான் யாரோ, "கோயில்ல வடம் கெடக்கே" என்றான். அந்த வாயை இன்றைக்குப் பார்த்தாலும் தைத்துவிடுவேன்.

கோயில் பூசாரி, வேலைநாளில் கவ்வாத்துக் கங்காணி. தேயிலை மரத்தைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களை மலைக்கு அந்தப் பக்கமிருந்தே அதட்டுகிற குரல். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, வடத்தை நாலு பேர் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

"சும்மா எடுக்கப்படாது தம்பி. இது ஆத்தா வடம். தேங்கா ஒடைக்கணும். செருப்புப் போட்டவன் தொடக் கூடாது. பொறப்பட்டா லயத்துக்கு லயம் நிக்கணும்."

"அது தேருக்குப் பெரியவரே. இது காரு."

"தேரா காரான்னு வடத்துக்குத் தெரியுமா?"

வடத்தை முன் பம்பரில் கட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தப்பு மேளம் வேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தப்பு அடி ஆரம்பித்துவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பிடித்தார்கள். பூசாரி ஒரு குரல் கொடுத்தார், "அரோகரா" என்று மலையே திருப்பிச் சொன்னது. என் கார் நகர்ந்தது.

நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை எனக்குக் கொடுக்கவில்லை. அதையாவது என் இஷ்டத்துக்குச் செய்ய விட்டார்களா, அதுவும் இல்லை. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற ரெண்டு பேர் கட்டையைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தோடு சக்கரமாக நடந்து வந்தார்கள். வளைவு வந்தால் தேரைத் திருப்புவது போலச் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுக்கிறார்கள்.

"அண்ணே, நான்தான் திருப்புறேனே" என்றேன் ஜன்னல் வழியாக.

"நீ திருப்பு தம்பி. நாங்களும் திருப்புறோம்."

நடு லயத்தில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் தட்டு வந்தது, சூடம் ஏற்றிக் காருக்கு முன்னால் காட்டினார்கள். காருக்குக் காட்டிவிட்டு அப்படியே ஜன்னல் பக்கம் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ரெண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றித் திருநீறு இட்டுக்கொண்டாள். அக்காவும் தங்கையும் இட்டுக்கொண்டார்கள். "பெரியவரே, நேரம் போவுது" என்று நான் கெஞ்சினேன். "இந்த லயத்துல ஒரு தட்டை விட்டுட்டுப் போனா வருசம் முழுக்க எனக்குத்தான் பேச்சு" என்றார் அவர். வடத்தில் மாப்பிள்ளை மூன்றாவது ஆளாகப் பிடித்துக்கொண்டு நின்றான். முதுகு வரைக்கும் சேறு. யாரோ அவன் வாயில் வெற்றிலை வேறு திணித்திருந்தார்கள்.

மேட்டு லயத்தில் நின்றபோது, என் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"நாலரை ஆயிருச்சு" என்றார். பதுளையிலிருந்து அதுவரைக்கும் அவர் பேசியது அவ்வளவுதான்.

"நிறுத்துங்க" என்றாள் அந்த அம்மா. தப்பு நின்றது. "இனி வீட்டுக்குள்ள போகக் கூடாது. ராகுகாலம் முடிய ஆறு மணி ஆகும், வெளக்கு வச்சப்பறம் பொண்ணு பாக்குற பழக்கம் எங்களுக்கு இல்லை. காரைத் திருப்பச் சொல்லுங்க. இன்னொரு நாளைக்குப் பாப்போம்."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் ஆற அமர யோசிப்பார்கள், பெண் பார்க்கப் போகும்போதே வண்டி நின்றது என்பார்கள், ஆள் அனுப்பிச் 'சரிப்படாது' என்பார்கள். மேட்டு லயத்திலிருந்து பார்த்தால் என் வீட்டுத் தகரம் தெரியும். காலையிலிருந்து பட்டுச் சேலையில் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருக்கிறாள். ஏற்கெனவே ரெண்டு தடவை உட்கார்ந்தவள். கார் வாங்கியதே இதற்காகத்தான், காரை அதன் பாட்டுக்கு விட்டிருந்தால் இந்நேரம் தட்டு மாற்றியிருப்பேன், எல்லாம் இந்த ஆட்களால் வந்தது என்று பூசாரியை முறைத்துப் பார்த்தேன்.

அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார்.

"அம்மா, ஒங்க பக்கம் தேரு எப்ப பொறப்படும்?"

"நல்ல நேரம் பாத்துத்தான்."

"வழியில ராகுகாலம் வந்தா?"

"வந்தா என்ன, நெலைக்குப் போற வரைக்கும் இழுக்க வேண்டியதுதானே. நடுவுல நிறுத்துவாங்களா?"

"தேங்கா ஒடைச்சு நாம வடம் புடிச்சது நல்ல நேரமா, கெட்ட நேரமா?"

அந்த அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா தங்கையைப் பார்த்தாள்.

"நல்ல நேரந்தான்" என்றாள் அக்கா.

"அப்பறம் என்ன? வடத்துல ஏறின நேரந்தான் கணக்கு. நடுவழியில எறக்கி விட்டாத்தான் ஆகாது, ஒங்களுக்கும் ஆகாது, எங்களுக்கும் ஆகாது."

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "நெசந்தான். இழுங்கப்பா" என்றாள்.

இதே வார்த்தையை நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டாள். நானும் ஒரு யோசனை வைத்துத்தான் இருந்தேன், சொல்ல விடவில்லை.

கடைசி ஏற்றம் கொடுமையான ஏற்றம். என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது எல்லாருக்கும் நாக்கு வெளியே தள்ளியிருந்தது. பின்னால் சரிவு. கட்டை போட்டிருந்தாலும் நான் பிரேக்கில் வைத்த காலை எடுக்க முடியாது, எடுத்தால் மூன்று பேரோடு வண்டி பணிய லயத்தில் போய்த்தான் நிற்கும். ஆகையால் என் வீட்டு வாசலில் நடந்ததை நான் காருக்குள் இருந்தபடியே பார்க்க வேண்டியதாயிற்று.

தங்கச்சிக்குத் துணைக்கு விட்டுப்போயிருந்த பெண்கள் தப்புச் சத்தம் கேட்டதும் அவளைத் தனியாக விட்டுவிட்டுக் கீழே ஓடி வந்து, வடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கச் சொன்ன பெண் என்ன செய்தாள் தெரியுமா? தேர் நிலைக்கு வந்தால் இழுத்தவர்களுக்குப் பானகம் கொடுக்க வேண்டும் இல்லையா, என் கடைச் சர்க்கரையையும் எலுமிச்சையையும் அண்டாவில் கரைத்து வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு செம்பில் மொண்டு மொண்டு கொடுக்கிறாள். ஆள் பார்க்காமல் கொடுக்கிறாள். என் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றவன்தான் அடுத்த ஆள்.

"எந்த லயம் நீங்க? பாத்ததில்லையே" என்றாள் செம்பை நீட்டிக்கொண்டே.

"பதுளைப் பக்கம்ங்க."

"வடம் புடிச்சுப் பழக்கமில்ல போலிருக்கே. கையெல்லாம் உரிஞ்சு கெடக்கு."

"துணி கிழிக்கிற கைங்க."

நான் இருமினேன். அவள் திரும்பவில்லை.

"மாப்பிள்ளை காருக்குள்ள பின்னாலதானே இருக்காரு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இத்தனை பேரு செத்துச் செத்து இழுக்குறாங்க. எறங்கி ஒரு கை குடுத்தா கொறைஞ்சா போவாரு? ராசா மாதிரி உக்காந்து வந்திருக்காரு."

அவன் செம்பை வாயிலிருந்து எடுத்தான். "மொதல்லயே எறங்கிட்டாருங்க. அவங்க அம்மாதான் சத்தம் போட்டாங்க" என்றான்.

அவள் பார்வை அவன் கையிலிருந்து சட்டைக் காலருக்குப் போனது, அங்கிருந்து முகத்துக்குப் போனது. செம்பை அவன் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, "போச்சு" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சக்கரங்களுக்குக் கல் வைத்து என்னை விடுவித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் வாசலிலேயே, சொன்னபடி ஒரு அடி நடக்காமல், இறங்கினாள். பெரியவர்களை உள்ளே உட்கார வைத்தோம். கதவு, ஜன்னல், கடைப் பக்கத்துப் பலகை இடுக்கு எல்லாவற்றிலும் அக்கம்பக்கத்துத் தலைகள். காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. பெண் வெளியே வரவில்லை. நான் போய் அதட்டினேன், கெஞ்சினேன். "மாட்டேன் அண்ணே" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன் வரலை?" என்றாள் அந்த அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே கால் கழுவிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டாள். "ஏண்டா, நீ பொண்ணைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"பானகம் குடிக்கிறப்ப."

"பேசினாளா?"

"வைஞ்சா."

"எதுக்கு?"

"ஊரே இழுக்க, நான் மட்டும் காருக்குள்ள உக்காந்து வந்தேன்னு."

ஜன்னலில் இருந்த தலைகள் எல்லாம் சிரிப்பை அடக்குவது கேட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை. உள்கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏ பொண்ணே. உக்காந்து வந்தவ நான்தான். என்னைய வந்து வையி."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. தங்கச்சி தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள், முகம் மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தது. அந்த அம்மா காப்பியை எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"வர்ற வழியெல்லாம் எனக்குச் சூடம் காட்டினாங்க. எங்க மாமியா வீட்டுலகூட எனக்கு இந்த மரியாதை நடந்ததில்ல. இந்த மலையில எப்பவும் இப்படித்தானா?"

தங்கச்சி தலையைக் குனிந்தபடியே, "எப்பவும் இல்லைங்க. காரு நின்னாத்தான்" என்றாள்.

அதற்குத்தான் அந்த அம்மா சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். அக்காவும் தங்கையும் சேர்ந்துகொண்டார்கள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். "தட்டை மாத்திக்கலாம் தம்பி. எனக்கு இந்த வாய் புடிச்சிருக்கு."

தட்டு மாற்றினோம். தங்கச்சி அடுப்படிக்குப் போனதும் அங்கே நின்ற பணிய லயத்து அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவிலும் என்னைப் பார்த்து, "மஞ்சத் தண்ணி ஊத்தினது நான்" என்று சொல்ல மறக்கவில்லை.

நான் நேராகக் காருக்குப் போனேன். கறுப்பு மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த வேப்பிலையை எடுத்துப் போட்டு, வேட்டியால் துடைத்து, காற்று ஊதிக் காய வைத்தேன். ரேடியேட்டரில் ஒரு வாளி தண்ணீரை நானே ஊற்றினேன். ஹேண்டிலை ஒரே ஒரு சுற்று. உறுமிக்கொண்டு கிளம்பியது. நல்ல வண்டி அது. எல்லாரும் கேட்கட்டும் என்று ஆக்ஸிலேட்டரை ரெண்டு மிதி மிதித்தேன். சம்பந்தி வீட்டாரை ஏற்றினேன். பதுளை வரைக்கும் இறக்கம், காற்றாய்ப் பறக்கலாம்.

பூசாரி முன்னால் வந்து நின்றார். கையில் வடம்.

"எங்க போறே?"

"பதுளைக்கு. வண்டிதான் கெளம்பிருச்சே."

"வடத்துல ஏறினது வடத்துலதான் நெலைக்கு வரணும். கோயிலடி வரைக்கும் இழுத்துட்டுப் போயித்தான் அவுக்கணும். அப்பறம் நீ பதுளைக்குப் போ, கொழும்புக்குப் போ."

"பெரியவரே, ஓடுற காரை எதுக்கு இழுக்கணும்?"

முன்னால் பாதிப் பேர் வடத்தைப் பிடித்தார்கள், இறக்கத்தில் ஓடிவிடாமல் இருக்கப் பின்னால் இன்னொரு கயிறு கட்டி மீதிப் பேர் பிடித்தார்கள். மாப்பிள்ளை மறுபடியும் கால்சட்டையை மடித்துக்கொண்டிருந்தான். முட்டுக்கட்டைக்காரர்கள் ரெண்டு பேரும் அவரவர் சக்கரத்துக்கு வந்துவிட்டார்கள். நான் எஞ்சினை நிறுத்தாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மட்டிலாவது ஒரு கார் ஓடுகிற சத்தம் இருக்கட்டும் என்று.

பின் ஸீட்டிலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது.

"எஞ்சினை அணைச்சிரு தம்பி" என்றாள் சம்பந்தியம்மா. "தப்புச் சத்தம் சரியா கேக்கலை."